பொன்னாடைக்குக் குனிந்தவனுக்கு

தம்பி,

அன்புள்ள என்று தொடங்குவதுதான் முறை. அன்பு இருக்கிறது, அதை இப்போதைக்கு ஒரு பக்கமாக வைக்கிறேன். இந்தக் கடிதத்தை எழுதுவது நான், வாசிப்பது உன் அப்பா, கேட்பது நீ. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை இழுத்துக்கொண்டு போன காலத்தில் நீ பாதி எழுத்துகள் வரைக்கும் வந்தாய். பிறகு பந்து விளையாட்டு வந்தது, எழுத்துகள் போய்விட்டன. அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து, மேசையைத் துடைத்த பிறகு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அப்பா இதை உரத்து வாசிக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். தன்னைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை இருக்கும் என்ற நம்பிக்கையில் அவரும் சம்மதித்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. இந்த வரிக்கு வரும்போது அவர் ஒரு தரம் செருமுவார். செருமட்டும். நிறுத்த மட்டும் விடாதே.

ஏன் எழுதுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கம் என்று ஒன்று இந்தப் பாரிஸிலும் இருப்பது உனக்குத் தெரியும். வருடத்துக்கு ஒரு விழா, விழாவுக்கு ஒரு மலர். மலரின் முன்பக்கத்தில் நகைக்கடை விளம்பரம், பின்பக்கத்தில் கலியாண மண்டப விளம்பரம், நடுவில் அவரவர் பெற்ற பிள்ளைகளின் பெருமை. அந்தச் சங்கத்தின் தலைவர் போன கிழமை எனக்குப் போன் எடுத்தார். "அக்கா, மலரிலை உங்களுக்கெண்டு ரெண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறம். பிள்ளையை டொக்டராக்கின தாய் மகனுக்கு எழுதிற கடிதம். மற்றப் பிள்ளையளுக்கும் ஒரு உசாராயிருக்கும்" என்றார். "கஷ்டப்பட்ட கதையளையும் கொஞ்சம் தூவி விடுங்கோ அக்கா, சனம் அழவும் வேணும்" என்றார். ஓம், எழுதுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். சொன்னபடி எழுதுகிறேன். நாளைக்கு இது சங்கத்துக்குப் போகும். அவர்கள் போடாவிட்டால், லா சப்பல் தமிழ்க் கடைத் தெருவில் எத்தனை கடைக் கண்ணாடி இருக்கிறது, பிரதி எடுத்து ஒட்டுவதற்கு எனக்குக் கை கால் இருக்கிறது.

ஆகவே மலரை வாங்கி வாசிக்கப் போகிற பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் டொக்டர் இல்லை. டொக்டருக்குப் படிக்கவும் இல்லை. மருத்துவத்துக்குள் போக முதல் எல்லோரும் படிக்கிற சுகாதாரப் படிப்பின் முதலாம் ஆண்டில் ஒரு வருடம் இருந்தான், அந்த வருட முடிவில் கழித்துவிட்டார்கள். அதன்பிறகு, விபத்தில் அடிபட்டவர்களும் வாதம் வந்தவர்களும் மறுபடி நடக்கப் பழகுகிற ஒரு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தான். நோயாளிகளை அறையிலிருந்து பயிற்சி மண்டபத்துக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போவதும் திரும்பக் கொண்டுவந்து விடுவதும்தான் வேலை. இப்போது அவன் கனடாவில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பிக்க இருக்கிறான். அங்கே பிசியோ செய்கிறவர்களுக்கு உதவியாளராக வேலை செய்ய இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. உடம்பு சரியில்லாதவர்களைக் கட்டிலிலிருந்து எழுப்பி, நிற்கவைத்து, நடக்கவைக்கிற வேலை. இதுதான் செய்தி. டொக்டர் தம்பி என்று வாய் நிறையக் கூப்பிட்டவர்கள் இப்போது வாயை மூடிக்கொள்ளலாம்.

இனி உன் அப்பா. அவர் மளிகைக் கடையில் காசு வாங்குகிற மேசையில் இருக்கிறவர். கறிவேப்பிலைக்கும் கருவாட்டுக்கும் வருகிற எல்லோரும் மிச்சக் காசோடு ஒரு கேள்வியையும் அங்கே விட்டுப் போவார்கள். "அண்ணை, மகன் என்ன செய்யிறார்?" நீ முதலாம் ஆண்டில் இருந்தபோது அவர் "மெடிசின்" என்றார். சரி, அப்போது அது பெரிய பொய் இல்லை. நீ கழிக்கப்பட்ட பிறகும் அதையே சொன்னார். அடுத்த வருடம் யாரோ கேட்டபோது இரண்டாம் வருடம் என்றார். அதற்கடுத்த வருடம் மூன்றாம் வருடம். நீ ஒரு பரீட்சையும் எழுதாமல், ஒரு புத்தகமும் திறக்காமல், அந்தக் கடையில் ஒவ்வொரு வருடமும் சித்தியடைந்துகொண்டே இருந்தாய். அப்பாவைப் போல ஒரு பரீட்சைத் திணைக்களம் கிடைத்தால் இந்தப் பாரிஸில் எந்தத் தமிழ்ப் பிள்ளையும் தோற்காது. ஒருநாள் நான் அரிசி எடுக்கப் போயிருந்தபோது ஒரு பெண் என்னிடம், "அக்கா, தம்பி இருதயமோ மூளையோ?" என்று கேட்டாள். எதற்கான டொக்டர் என்று கேட்கிறாளாம். அப்பா எனக்கு முந்திக்கொண்டு, "இன்னும் முடிவெடுக்கேல்லை" என்றார். நான் அரிசியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இது அவருக்குப் புதிய பழக்கம் இல்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் கலியாணம் பேசி வந்தபோது ஊருக்கு ஒரு படம் வந்தது. வெள்ளைச் சட்டை, கறுப்பு ஜாக்கெட், கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு டை, பின்னால் மெழுகுதிரி ஏற்றிய மேசைகள். மாப்பிள்ளை பாரிஸில் பெரிய ரெஸ்ரோரண்டில் மேனேஜர் என்றார்கள். என் வீட்டில் அந்தப் படத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. நான் இஞ்சை வந்து இறங்கி, முதல் கிழமையே அந்த ரெஸ்ரோரண்டுக்கு அவருக்குச் சாப்பாடு கொண்டு போனேன். பின்கதவால் வந்து வாங்கினார். கை இரண்டும் தண்ணீரில் ஊறி வெளிறிப்போய் இருந்தன. கோப்பை கழுவுகிற வேலை. அந்த ஜாக்கெட் பரிமாறுகிற ஒரு பையனுடையது, படம் எடுக்க ஐந்து நிமிடத்துக்கு இரவல் வாங்கினது. நான் கலியாணம் கட்டினது ஒரு இரவல் ஜாக்கெட்டை. அந்தக் கையைப் பார்த்து எனக்கு ஒரு குறையும் இல்லை தம்பி. அந்தக் கைதான் எங்களுக்குச் சோறு போட்டது, உன்னைத் தூக்கி வளர்த்தது. அந்தக் கையை மறைத்தார் பார், அதைத்தான் என்னால் இன்றுவரைக்கும் மதிக்க முடியவில்லை. இப்போது அதே ஜாக்கெட்டைத்தான் உனக்குப் போட்டுவிட்டார். உன் அளவுக்குத் தைக்கக்கூட இல்லை.

இப்போது அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டு "விசர்க் கதை" என்று சொல்லியிருப்பார். தண்ணீர் குடிக்கக் கொடு. மிச்சம் இருக்கிறது.

போன மாரிக்கு அவர் கடையின் நிலவறைப் படியில் அரிசி மூட்டையோடு விழுந்தார். அந்தப் படியை நீ பார்த்திருக்கிறாய், ஏணியென்று சொன்னால்தான் சரி. தொடை எலும்பு முறிந்தது. சத்திர சிகிச்சை செய்து, உள்ளே இரும்பு வைத்து, கொஞ்ச நாள் அப்படியான ஒரு நிலையத்தில் வைத்திருந்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் விட்டுப் போனார்கள். கிழமைக்கு இரண்டு தரம் கினே, அதுதான் பிசியோ, வந்து, இதைச் செய், அதைச் செய் என்று காட்டிவிட்டுப் போவார். பயிற்சி கொடுக்கிற அந்தப் பெண் நல்ல பெண்தான். ஆனால் அவர் படியிறங்கிப் போன சத்தம் அடங்க முதலே உன் அப்பா போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். "எனக்கு ஏலாது. நான் இனி இப்பிடித்தான்" என்பார். பார்க்க வந்த சங்கத்து ஆட்கள் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்று, "அண்ணை, நல்லா ரெஸ்ட் எடுங்கோ, அசையாதையுங்கோ" என்று சொல்லி, ஆப்பிள் பையைக் கீழே வைத்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். அசையாமல் கிடந்தால் ஆள் முடிந்துவிடும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நீ வேலை முடித்து வந்து சப்பாத்தைக் கழற்ற முதல் அவரைக் கட்டிலில் இருத்துவாய். அந்தக் கினே காட்டினதை ஒன்றும் விடாமல், ஒன்றும் கூட்டாமல் செய்யவைப்பாய். அவர் உன்னைப் பேசாத பேச்சு இல்லை. "நான் என்ன குழந்தையே? கையை எடு" என்று கத்துவார். நீ கையை எடுப்பாய், ஆனால் போகமாட்டாய். விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் நிற்பாய். முதலில் கட்டிலிலிருந்து கதிரை, பிறகு கதிரையிலிருந்து குசினி வாசல், பிறகு நடைபாதை முழுக்க. கடைசியாகப் படி வந்தது. மூன்று மாடிப் படியை மேலேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு அவர் அழுதார். நான் குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது நீ உன் ஒடிந்த தமிழில் சொன்னாய்: "பப்பா, நல்ல கால் மேல போகும். கெட்ட கால் கீழ போகும். அவ்வளவுதான்." ஏறும்போது நல்ல காலை முதலில் வை, இறங்கும்போது முறிந்த காலை முதலில் வை என்று அர்த்தம். அவர் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே இறங்கினார். கீழே போய்ச் சேர்ந்ததும் உன்னைத் திட்டினார், தாகமாக இருக்கிறதாம், ஏன் தண்ணீர் கொண்டுவரவில்லையாம். வெயில் வந்ததும் ஸ்டாலின்கிராட் மெட்ரோவுக்குப் பக்கத்துக் கால்வாய்க் கரை வரைக்கும் நடந்து போனீர்கள். அங்கே தெரிந்த ஒருவரைக் கண்டால் மட்டும் கைத்தடியை உன் கையில் கொடுத்துவிடுவாராம். நீதான் சிரித்துக்கொண்டு சொன்னாய்.

உனக்கு அந்த வேலைதான் வேண்டும் என்று எனக்குப் புரிந்தது அந்த நாட்களில்தான். நிலையத்தில் நோயாளிகளை மண்டப வாசலில் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறதே என்று நீ ஒருநாள் சொன்னாய். "வாசலோட நான் திரும்பவேணும் அம்மா. உள்ள என்ன நடக்குது எண்டு பாக்க விருப்பம்" என்றாய். நீ எனக்குத் தமிழில் இவ்வளவு நீளமாக ஒன்றும் சொன்னதில்லை. சந்தோஷப்பட்டேன். அதை அப்போதே சொல்லியிருந்தால் நீ கெட்டுப்போய்விடுவாய் என்று நினைத்துச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஆனால் சித்திரையில் என்ன செய்தாய்? சென் தெனியில் விழா மண்டபம். மேடையில் வரிசையாகக் கதிரைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வயிறு. ஒலிவாங்கியைப் பிடித்தவர் உன் பெயரைச் சொல்லி, "எங்கள் மண்ணின் மைந்தன், நாளைய வைத்திய கலாநிதி" என்றார். இந்த மண் எந்த மண் என்று எனக்கு விளங்கவில்லை, நீ பிறந்தது வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஆஸ்பத்திரியில். உன்னையும் அப்பாவையும் மேடைக்கு அழைத்தார்கள். நீ எழும்பினாய். சரி, மேடையில் ஏறி, ஒலிவாங்கியை வாங்கி, ஒரு வசனம் சொல்லப்போகிறாய் என்று நினைத்தேன். பிரெஞ்சில் சொன்னாலும் போதும், அங்கிருந்த பிள்ளைகள் மொழிபெயர்த்திருப்பார்கள். நீ தலைவரின் உயரத்தைப் பார்த்தாய். அவர் குள்ளம். பொன்னாடையைப் போட அவருக்குக் கை எட்டாது. அவருக்குக் கஷ்டம் கொடுக்கக்கூடாது என்று நீ கழுத்தைக் குனிந்தாய். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. என் கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. அதை வைக்க இடம் இருந்தது, நான் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்த கூத்தை மலர் வாசிக்கிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள், அவர்கள்தானே நடத்தினார்கள். சோற்றுத் தட்டோடு உன் மேசைக்கு வரிசை பிடித்து வந்தார்கள். முழங்கால், நாரிப்பிடிப்பு, சுகர், பிரஷர். ஒரு அன்ரி சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிக் காட்டினார். "டொக்டர் தம்பி, மாரி வந்தால் இதுக்குள்ள ஆரோ இருந்து குத்துற மாதிரி" என்றார். நீ தலையை ஆட்டினாய். "ம்ம், ஓம் அன்ரி" என்றாய். ஒரு தாத்தா கையை நீட்டினார், நீ நாடி பிடித்தாய். நாடி பிடித்தாய், தம்பி. எந்தப் பக்கம் பிடிப்பதென்றுகூட யோசித்தாய், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொன்னாடை உன் தோளிலிருந்து வழுக்கி வழுக்கி விழுந்தது, ஒவ்வொரு தரமும் அதை எடுத்துச் சரியாகப் போட்டுக்கொண்டாய். உன் இருபத்தைந்து வருடத்தில் உன்னைப் பார்த்து நான் வெட்கப்பட்டது அன்றைக்குத்தான். முதலாம் ஆண்டில் உன்னைக் கழித்த அன்று நான் வெட்கப்படவில்லை. சக்கர நாற்காலியா தள்ளுகிறான் என்று யாராவது கேட்டிருந்தாலும் வெட்கப்பட்டிருக்க மாட்டேன்.

ஒன்றே ஒன்றுக்காக உன்னைக் கைகழுவாமல் இருக்கிறேன். கடைசியாக வந்த பெண் கைப்பையிலிருந்து குளிசைப் பெட்டியை எடுத்து, "இதை விட்டிட்டு நாட்டு மருந்து குடிக்கட்டோ தம்பி?" என்று கேட்டாள். அப்போது உன் முகம் மாறியது. "இல்லை அன்ரி. விடக்கூடாது. உங்கட மெத்சானை, உங்கட டொக்டரைக் கேளுங்கோ. என்னைக் கேக்காதையுங்கோ" என்றாய். பொன்னாடையை எடுத்து மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு வெளியே போனாய். வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்தாய், ஐஸ்கிரீம் கொடுக்கிற நேரத்திலும் வரவில்லை. ஓடி ஒளிந்தது பெரிய வீரம் இல்லை. ஆனாலும் அந்தப் பெண் தன் குளிசையை விடவில்லை, நான் பிறகு கேட்டேன்.

மறுநாள்தான் கனடாக் கதையை எடுத்தாய். நல்லது. அப்பா கேட்ட ஒரே கேள்வி, "என்ன படிப்பு எண்டாய்?" நீ சொன்னாய். "பிசியோ எண்டால் பிசியோ எண்டு சொல்லலாம். அதென்ன கடைசியில அசிஸ்டன்ட்?" நீ விளக்கம் சொன்னாய், நிலையத்தில் பார்த்ததைச் சொன்னாய். அவர் கேட்கவில்லை. "அசிஸ்டன்ட் எண்டு நான் ஆருக்குப் போய்ச் சொல்லுறது? பொன்னாடை போட்ட சனத்துக்குச் சொல்லட்டோ?" என்றார். பிறகு, தான் ஏதோ பெரிய மனது பண்ணுகிற மாதிரிக் குரலைத் தாழ்த்தி, "போறதெண்டால் போ. ஆனால் மெடிசினுக்குப் போறாய் எண்டுதான் நாங்கள் சொல்லுவம்" என்றார். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? தோளைக் குலுக்கி, சரி என்றாய். அதற்குப் பிறகு மடிக்கணினியைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறாய். எல்லாம் நிரப்பியாயிற்று, அனுப்பவில்லை. புதன்கிழமையோடு விண்ணப்பம் மூடுகிறது. பொய்யோடு போகவும் மனமில்லை, உண்மையோடு போகவும் துணிவில்லை, அதனால் போகாமலே இருந்துவிடலாம் என்று பார்க்கிறாய். உனக்கு முதுகெலும்பு இருக்கிறதா என்று அந்தக் கல்லூரியில் போய்ப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

அசிஸ்டன்ட் என்ற சொல்லுக்கு மூக்கைச் சுளிக்கிறவர்களிடம் எனக்குக் கேட்க ஒன்று இருக்கிறது. இந்த லா சப்பலில் யார் அசிஸ்டன்ட் இல்லை? ஒருவன் சமையல்காரனுக்கு வெங்காயம் வெட்டுகிறான். ஒருவன் பெயின்ட் அடிக்கிறவனுக்கு ஏணி பிடிக்கிறான். நான் பள்ளிக்கூடக் கன்ரீனில் சமைத்து வருகிறதைப் பிள்ளைகளின் தட்டில் போடுகிறேன். தலைவர் என்று மாலை போட்டுக்கொள்கிறவர் மச்சானின் நகைக்கடையில் கண்ணாடி துடைக்கிறார், அவர் வாயாலே சொல்லட்டும் பார்ப்போம். எல்லோரும் இன்னொருவனுக்குக் கைகொடுத்துத்தான் இந்த ஊரில் வீடு வாங்கினார்கள். ஊருக்குப் படம் அனுப்பும்போது மட்டும் எல்லோருக்கும் ஜாக்கெட் வேண்டியிருக்கிறது. இவர்களுக்குப் பயந்து நீ ஒரு படிப்பை விடுகிறாய் என்றால், நான் பெற்றது பிள்ளையை இல்லை, கடைக் கண்ணாடிக்குள் சேலை சுற்றி நிற்கிற பொம்மையை.

இனி விண்ணப்பத்தில் நீ எழுதின அந்தப் பக்கம். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டிருக்கிறார்கள். நீ எழுதினதை எனக்குப் பிரெஞ்சில் சொல்லிக் காட்டினாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு மருத்துவத்தில் தீராத ஆர்வமாம். மனிதகுலத்துக்குச் சேவை செய்வது உன் கனவாம். சின்ன வயதில் உனக்கு எதில் ஆர்வம் இருந்தது என்று எனக்குத் தெரியாதா? ஊசி போடப் போனால் மேசைக்குக் கீழே புகுந்துகொள்வாய். மனிதகுலத்தை விடு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் கொடுக்கமாட்டாய். அப்பா ஊருக்கு அனுப்பின படத்துக்கும் நீ கனடாவுக்கு அனுப்பப் போகிற பக்கத்துக்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் ஜாக்கெட் இரவல். அங்கே வாசிக்கிறவர்கள் இப்படிப் பக்கங்களை வாசித்து வாசித்துக் கொட்டாவி விட்டிருப்பார்கள். அழித்துவிடு. நடைபாதையை எழுது. அப்பா பேசின பேச்சை எழுது, கையை எடு என்று சொன்னபோது எடுத்துவிட்டு எவ்வளவு தூரத்தில் நின்றாய் என்று எழுது. மூன்றாம் மாடிப் படியை எழுது. ஆங்கிலத்தில் பிழை இருந்தால் இருக்கட்டும்.

இப்படியான கடிதத்தில் தாய்மார் கடைசியில் தங்கள் பிழைகளைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, கண்ணீர் விடுவார்கள். தலைவரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார். எனக்கு நேரம் இல்லை. நீ போனால் இந்த வீடு வெறிச்சோடிப் போகும், நான் அழுவேன், அது என் பாடு. நீ போகாமல் இருந்தால் உன்னை நான் தினமும் பார்ப்பேன், தினமும் அந்தக் குனிந்த கழுத்துத்தான் தெரியும். எது வேண்டும் என்று என்னைக் கேட்டால், அழுகைதான் வேண்டும்.

மிச்சம் உனக்கு இல்லை தம்பி. வாசித்துக்கொண்டிருக்கிறவருக்கு.

இஞ்சேருங்கோ. உங்களை இவ்வளவு நேரம் உங்கள் வாயாலேயே பேசவைத்துவிட்டேன். கோபம் வந்திருக்கும். வரட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்றைக்கு சென் தெனியில் அந்த மேடைக்கு நாலு படி இருந்தது. கைத்தடியை என்னிடம் தந்துவிட்டுத்தான் போனீர்கள், சனம் பார்க்கிறது என்று. முதல் படியில் நின்றபோது உங்கள் வாய் முணுமுணுத்தது. ஒலிவாங்கிக்காரர் தேவாரம் என்று நினைத்திருப்பார். நான் முன்வரிசையில் இருந்தேன், எனக்குக் கேட்டது. நல்ல கால் மேலே போகும் என்றீர்கள். ஏறினீர்கள். டொக்டர் மகனைப் பெற்றதற்கு அவர்கள் கைதட்டினார்கள். உங்களை அந்த மேடையில் ஏற்றினது ஒரு அசிஸ்டன்ட். இறங்கும்போது கெட்ட காலை முதலில் வைத்தீர்கள், அதையும் பார்த்தேன்.

இப்போது கண்ணாடியைக் கழற்றி, இந்தத் தாளை மேசையில் வையுங்கள். பாதத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, முன்னுக்குச் சரிந்து, மேசையைப் பிடிக்காமல் எழும்புங்கள், அவன் பழக்கின மாதிரி. மடிக்கணினி முன்னறையில் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. அதை எடுத்துவந்து அவனுக்கு முன்னால் வையுங்கள். என்னையும் கேட்காதீர்கள், அவனையும் ஏவாதீர்கள். நீங்களே போங்கள். உங்களுக்குத்தான் நடக்க வருமே.